பாண்டியம்மாளின் வாளிச் செடி

பாண்டியம்மாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டது தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றபோது. இரண்டாயிரத்து ஒன்று, சித்திரை மாதம். எட்டயபுரத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, கோவில்பட்டியில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. லாரியில் வீட்டுக்கு நாலு குடம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் லாரிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அந்தப் பாண்டியம்மாளுக்கு மூணு குடம் ஊத்துங்க அண்ணாச்சி, போதும். நாலாவத அவ செடிக்குல்லா ஊத்துதா. இங்கன மனுசன் கால் கழுவத் தண்ணியில்ல."

குள்ளமான ஒரு பெண் நாலாவது குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"நான் குளிக்காத தண்ணியத்தான் ஊத்துதேன்" என்றாள். "ஒனக்கும் செடி வேணும்னா நீயும் குளிக்காம இரு."

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குடத்து வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நடந்து போனாள்.

எனக்கு ஒரு பெயர் காதில் விழுந்தால், அது யார் மகள், எங்கே வாக்கப்பட்டவள் என்று தெரியாமல் அன்றைக்குச் சோறு இறங்காது. பொழுது சாய்வதற்குள் விசாரித்துவிட்டேன். குளத்தூர்க்காரி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவளுடைய பெரியம்மையை என் ஒன்றுவிட்ட அண்ணனின் மாமனார் வீட்டில்தான் கொடுத்திருந்தார்கள். சுற்றி வளைத்துப் பார்த்தால் எனக்குத் தங்கை முறை. முறை கிடைத்ததும் மறுநாளே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். செடியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

ஒரு வளவில் நாலு வீடு. அதில் கடைசி வீடு அவளுடையது. புறவாசலில் துவைகல்லுக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் படுகிற மூலையில் ஒரு பழைய பெயிண்ட் வாளி. வாளி நிறையப் புதினா மாதிரி ஏதோ ஒன்று. இலை விளிம்பு ரம்பப் பல்லாக, முகம் சுருக்கம் சுருக்கமாக.

"இதுக்கா அவ்வளவு பேச்சு வாங்குன?" என்று கேட்டேன்.

ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அப்போதுதான் அறுத்த எலுமிச்சம்பழத்தின் வாசம். ஆனால் பல் கூசுகிற புளிப்பு அதில் இல்லை. மூக்கில் ஏறி நெற்றியில் போய்க் குளிர்ச்சியாக நின்றது.

"நாள் பூரா வெல்லப்பாகு வாசத்துலயே நிக்கேன்க்கா. தலைமுடியில, சேலையில, சோத்துல எல்லாம் அதே வாசம். வீட்டுக்கு வந்தா இது ஒண்ணு இருக்கு."

அவள் வேலை பார்ப்பது ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில். பாகு பதம் பார்க்கிறவள் அவள்தான். கரண்டியில் இருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது இறுகியதும் எடுத்துத் தட்டில் எறிவாள். 'டக்' என்று சத்தம் வரவேண்டும். அந்தச் சத்தம் வந்த நிமிஷம் கடலையைக் கொட்டியாக வேண்டும். முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கல்லாகிவிடும். பதினான்கு வருஷமாகச் சூட்டைத் தொட்டுத் தொட்டு விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன; ரேஷன் ஆபீசில் கைநாட்டு வைத்தால் மை மட்டும் விழும், கோடு விழாது. பதம் பார்க்கும்போது கண்ணைச் சிமிட்ட மாட்டாள். ஆட்களையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். நாம் பேசிக்கொண்டே இருப்போம். அவள் நம் வாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எப்போது 'டக்' என்று சத்தம் வரும் என்று காத்திருப்பாள்.

அந்தச் செடி கொடைக்கானலில் இருந்து வந்தது. அவள் வீட்டுக்காரர் நந்தகோபால் லாரி டிரைவர். தீப்பெட்டி லோடு இறக்கப் போன இடத்தில், கடைக்காரர் வீட்டுத் தோட்டத்தில் இதைப் பார்த்து, நாலு தண்டு கேட்டு வாங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். லெமன் பாம் என்று பெயர் சொன்னாராம் கடைக்காரர். பக்கத்திலேயே பட்டாசு செய்கிற சீமை இது. வளவுப் பிள்ளைகள் அதைப் பாம் செடி ஆக்கிவிட்டார்கள். பாண்டியம்மாள் பெயரே சொல்ல மாட்டாள். 'இலை' என்பாள், அவ்வளவுதான்.

முதலில் நம் கரிசல் மண்ணில்தான் வைத்திருக்கிறாள். ஐப்பசி மழையில் மண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டதில் வேர் கறுத்து அழுகிவிட்டது. தப்பிய ஒரு தண்டைச் சோடா பாட்டில் தண்ணீரில் போட்டு வேர் விட வைத்து, செவக்காட்டு மண், ஆற்று மணல், ஆட்டுப் புழுக்கை மூன்றும் கலந்து வாளியில் நட்டாள். வாளியின் அடியில் ஆணியைக் காய்ச்சி ஏழு ஓட்டை. கோடையில் ஈரச் சாக்கைச் சுற்றிவிடுவாள். பூ மொட்டுத் தெரிந்தால் உடனே கிள்ளிவிடுவாள்; பூத்தால் இலையில் வாசம் குறையும் என்பது அவள் கண்டுபிடித்தது. பக்கத்து வீட்டு நூருன்னிசா ஒரு நாள் புதினா என்று நினைத்துப் பறித்துத் துவையல் அரைத்துவிட்டாள். அதற்கு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் அந்தத் துவையலை நூருன்னிசா வீட்டில் இன்னொரு தடவை கேட்டார்கள்.

இலையைக் கொதிக்க விடக் கூடாது. அடுப்பில் இருந்து இறக்கிய வெந்நீரில் ஐந்து இலையைக் கிள்ளிப் போட்டு, தட்டை வைத்து மூடி, நூறு எண்ணிவிட்டுத் திறக்க வேண்டும். கொஞ்சம் கருப்பட்டி. குடித்தால் படபடப்பு அடங்கும், படுத்தால் தூக்கம் வரும். லாரியில் இருந்து இறங்கியும் 'வண்டி ஓடுத மாதிரியே இருக்கு' என்று உருண்டுகொண்டிருந்த நந்தகோபால் அதைக் குடித்துவிட்டுத்தான் தூங்கினார். ஆனால் மறுநாள் விடியலில் வண்டி எடுக்கிறார் என்றால் அன்றைக்கு அவருக்கு இலை கிடையாது. "ஸ்டேரிங் பிடிக்கவனுக்குத் தூக்கம் எதுக்கு" என்பாள்.

இனிச் சொல்லப்போவதில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

என் தம்பி கோபாலசாமி வீடு அந்த வளவுக்கு எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி. அவன் மனைவி முப்பிடாதி, எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மகள். அவர்களுக்கு ஒரே பெண், காளீஸ்வரி. பதினான்கு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. அடுப்புக்கு முன்னால் விழுந்ததில் முழங்கையில் ஒரு தழும்பு. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டி, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தம்பி காலண்டர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான். மூன்று வருஷமாக ஒரு தடவையும் வரவில்லை. வருவதற்கு முன்னால் ஓர் அடையாளம் உண்டு: இடது கைக் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். அதனால் அந்தப் பிள்ளை சிரித்தாலும் சாப்பிட்டாலும் வீட்டில் எல்லார் கண்ணும் அவள் இடது கையில்தான் இருக்கும். நெருப்புக்குப் பயந்து தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பவில்லை. வீட்டிலிருந்தே பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில், அவளுக்குத் தூக்கம் சரியில்லை என்று நான்தான் பாண்டியம்மாளிடம் போய்ச் சொன்னேன். "மாத்திரை போடுதாளா?" என்று கேட்டாள். "போடுதா" என்றேன். "அப்ப சரி. சாயங்காலம் அஞ்சு இலை. மாத்திரை மாத்திரை பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

பிள்ளை நன்றாகத் தூங்கினாள். முகம் தெளிந்தது. முப்பிடாதிக்குத் தரையில் கால் பாவவில்லை. "மூணு வருசமா மாத்திரை செய்யாதத ரெண்டு மாசத்துல இலை செஞ்சிருச்சு மதினி" என்று என்னிடம் சொன்னாள். அது அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நல்ல வார்த்தை பேசுகிறவளை எதற்கு மறிப்பது என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் காளீஸ்வரிக்கு அம்மை போட்டது. நிலைப்படியில் வேப்பங்குலை ஏறியது. தாளிப்பு நின்றது, தலைசீவல் நின்றது. அம்மை வீட்டு ஆட்கள் அடுத்த வீட்டு வாசல் மிதிப்பதில்லை. மருந்து மாத்திரை என்ற பேச்சே அந்த வீட்டில் இருக்கக் கூடாது. முப்பிடாதி வலிப்பு மாத்திரையை அட்டையோடு மஞ்சள் துணியில் முடிந்து பரணில் வைத்துவிட்டாள். "தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் அது அங்கனயே இருக்கட்டும்" என்றாள். தம்பி என் முகத்தைப் பார்த்தான். மூத்தவள் நான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் பரணில் ஏறியிருப்பான். "ஆத்தா எறங்கட்டும், ஏழு நாள்தான" என்று சொன்னேன். என் வாயால் சொன்னது அது.

"இலை இருக்குல்லா மதினி" என்றாள் முப்பிடாதி. "அது மருந்தா என்ன? வேப்பிலை மாதிரி அதுவும் ஒரு இலை. காலையில அஞ்சு, சாயங்காலம் அஞ்சு வாங்கிட்டு வாங்க."

நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் நாளும் பாண்டியம்மாள் வேலைக்குப் போயிருந்தாள், இரண்டாம் நாளும் போயிருந்தாள். நூருன்னிசாவிடம் சொல்லிவிட்டு நானே பறித்தேன். மூன்றாம் நாள் கடலை வரவில்லை என்று கம்பெனி லீவு. மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். புறவாசலில் அவள் உட்கார்ந்து சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்து இலை குடு பாண்டியம்மா."

"நேத்தும் பத்தாமே. நூரு சொன்னா." பறித்துக்கொண்டே கேட்டாள். "எதுக்குக்கா பத்து?"

"பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் எரியுதுங்கா."

"எரிச்சலுக்கு வேப்பிலையில்லா. இது எதுக்கு?"

"தூங்கட்டுமேன்னுதான்."

நாலு இலை கையில் இருந்தது. ஐந்தாவது இலைக்குப் போன விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள், பாகைப் பார்க்கிற மாதிரி.

"மாத்திரை போடுதாளா?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"ஒங்களத்தான் கேக்கேன். போடுதாளா இல்லையா?"

"அம்மை வீட்டுல எப்படிம்மா..."

"எத்தனை நாளாச்சு?"

"இன்னையோட மூணு."

கையில் இருந்த நாலு இலையையும் வாளி மண்ணிலேயே திரும்பப் போட்டாள். எழுந்தாள். மூலையில் செடிக்கென்று மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கினாள். கட்டிய சேலையோடு அதை அப்படியே தன் தலையில் கவிழ்த்தாள். அம்மை வீட்டுக்குக் குளிக்காமல் போகக் கூடாது. அடுத்த லாரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

சேலையில் இருந்து தண்ணீர் ஒழுக ஒழுக முன்னால் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வேப்பங்குலைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"முப்பிடாதிக்கா."

முப்பிடாதி வந்தாள். "உள்ள வராத. ஆத்தா இருக்கா."

"வரல. குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். வாசல்லயே நிக்கேன். பிள்ளைக்கு மாத்திரைய எடுத்துக் குடுங்க."

"என்ன பேச்சு பேசுத. ஆத்தா காதுல விழுந்து, கோவத்துல முத்தைக் கண்ணுல போட்டுட்டா நீயா வந்து பாப்ப?"

"இவ விழுந்து நாக்கைக் கடிச்சா யாரு பாப்பா?"

"அதான் இலை குடிக்காளே."

"இலை தூங்க வைக்கும். வலிப்பைப் பிடிச்சு நிறுத்தாது."

"ரெண்டு மாசமா நிறுத்திச்சுல்லா."

"நிறுத்துனது மாத்திரை. பேரு இலைக்குக் கிடைச்சிருக்கு."

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். இவளை யார் அழைத்துக்கொண்டு வரச் சொன்னது என்ற பார்வை. பிறகு பாண்டியம்மாளிடம் திரும்பினாள்.

"ஒன் செடிய நீயே கொறை சொல்லுதியே."

"குடுத்தவ நான். நான்தான் சொல்லணும்."

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிரு. சாக்கு வைக்காத. நீ வேலைக்குப் போனப்புறம் ஆளை விட்டுப் பறிச்சிக்கிடுதேன். வளவுக் கதவுக்குப் பூட்டா போட்டிருக்கு?"

பாண்டியம்மாள் முப்பிடாதியின் தோளுக்கு மேலாக உள்ளே ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பி விறுவிறுவென்று வளவுக்குள் போய்விட்டாள். "போறா பாரு" என்றாள் முப்பிடாதி.

நான் உள்ளே போனேன். காளீஸ்வரி வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தாள். முகமெல்லாம் முத்து. உடம்பு அனலாக இருந்தது. "அத்தை" என்றாள், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இடது கை பாய்க்கு வெளியே நீண்டிருந்தது. கட்டைவிரல் ஒரு தடவை துடித்தது. நின்றது. மறுபடி இரண்டு தடவை.

நான் நிமிர்ந்தேன். முப்பிடாதியும் பார்த்துவிட்டாள். குனிந்து, போர்வையின் ஓரத்தை இழுத்து அந்தக் கையை மூடினாள். என்னைப் பார்க்காமலே, "காத்து பட்டா அரிக்கும்" என்றாள்.

வாசலில் சத்தம் கேட்டது. பாண்டியம்மாள் பெயிண்ட் வாளியைத் தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் சுமந்துகொண்டு வந்து இறக்கினாள். கையில் காய் அரிகிற கத்தி. வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, செடி முழுவதையும், தலைமுடியைச் சேர்த்துப் பிடிப்பது போல இடது கையில் சேர்த்துப் பிடித்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றேன்.

மண்ணுக்கு இரண்டு விரல் மேலே கத்தியை வைத்து அறுத்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டு, மூன்று இழுப்பு. வாசம் கிளம்பி நிலைப்படி வேப்பிலை வாசத்தையும் அமுக்கிக்கொண்டு தெருவில் பரவியது. ஒரு தண்டு தப்பி நின்றது; அதையும் தனியாகப் பிடித்து அறுத்தாள். மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய், கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்த நூருன்னிசா வீட்டு ஆட்டுக்கு முன்னால் போட்டாள். ஆடு முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, பிறகு தின்ன ஆரம்பித்தது.

ஆடு தின்று முடிக்கிற வரைக்கும் பாண்டியம்மாள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு வாசலுக்கு வந்தாள்.

"இலை முடிஞ்சு போச்சு முப்பிடாதிக்கா. தளிர்க்க இருபது நாளாவும். அதுவரைக்கும் என்கிட்டயும் இல்ல, இந்த ஊர்ல வேற எவகிட்டயும் இல்ல. இப்ப பிள்ளைக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

முப்பிடாதி வாளியில் நின்ற கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுளகளவுக்குப் பச்சை இருந்த இடத்தில் விரல் விரலாகக் கட்டை.

நான் போர்வையை விலக்கினேன். விரல் துடித்துக்கொண்டிருந்தது. இப்போது விட்டுவிட்டு இல்லை.

"கோவாலு" என்றேன் தம்பியிடம். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பரண்ல ஏறு."

அவன் அதற்குள் ஏறியிருந்தான்.

மஞ்சள் தண்ணீர்ச் செம்புக்கு முன்னால் ஒரு வேப்பிலையை வைத்து, அதன் மேல் மாத்திரையை வைத்தேன். "ஆத்தா, நிறுத்தச் சொன்ன வாய் என்னுது. கோவம்னா எம்மேல காட்டு. பிள்ளை முழுங்கட்டும்" என்றேன். அவளைத் தூக்கி உட்கார வைத்து, ஆறின கூழ்த் தண்ணீரோடு கொடுத்தேன். விழுங்குகிறாளா என்று தொண்டையையே பார்த்தேன். முப்பிடாதி தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

தம்பி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடித் திருநெல்வேலி டாக்டரைப் பிடித்தான். அவர் திட்டிய திட்டில் இவன் காது சிவந்து திரும்பி வந்தான். இனி ஒரு வேளைகூட விடக் கூடாது, வலிப்பு வந்தால் அம்மை என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றாராம். தெரிந்த ஆட்டோக்காரரை வாசலில் வந்து நிற்கச் சொன்னோம்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான். பாண்டியம்மாள் போகவில்லை. எதிர்ச் சுவரோரம் வெயிலில் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அங்கிருந்தே கேட்பாள்.

"துடிக்குதா?"

"துடிக்குது."

மில் சங்கு ஊதியது. நூருன்னிசா அவளுக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"இப்ப?"

"விட்டுவிட்டு."

ஆட்டோக்காரர் ஸ்டேரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வெயில் சுவரில் ஏறியது. ஒரு தடவை பிள்ளையின் வாயோரம் இழுத்தது போல எனக்குத் தோன்றியது. தம்பி எழுந்து நின்றுவிட்டான். அவள் கொட்டாவிதான் விட்டாள்.

"இப்ப?"

"கொஞ்ச நேரமா இல்ல."

அப்போது மணி ஐந்து தாண்டியிருந்தது. பாண்டியம்மாள் எழுந்து வாளியை இடுப்பில் வைத்தாள். நிலைப்படிக்கு நேராக வந்து நின்று, "ராத்திரி மாத்திரைய மறந்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வலிப்பு வரவில்லை. ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். கண்ணில் ஒரு முத்தும் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, விஷயத்தை மறைக்காமல் சொல்லியே எட்டயபுரத்தில் ஒரு நல்ல இடத்தில் காளீஸ்வரியைக் கொடுத்தோம். மாத்திரை சீர்வரிசையோடு போனது. முப்பிடாதி மட்டும் அன்றிலிருந்து பாண்டியம்மாளோடு பேசுவதில்லை, இன்றுவரை பேசவில்லை. ஆனால் லாரி வரிசையில் அவள் குடத்தை யாராவது நகட்டி வைத்தால், "அது அங்கனயே இருக்கட்டும், கை வைக்காத" என்று கேட்கிற குரல் முப்பிடாதியுடையது.

வாளிக் கட்டைகள் இருபத்திரண்டாம் நாள் தளிர்த்தன. முன்னைவிட அடர்த்தியாகவே வந்தன. அன்றிலிருந்துதான் பாண்டியம்மாளுக்கு இந்தப் புதுப் பழக்கம். யார் இலை கேட்டு வந்தாலும் முதல் கேள்வி, "மாத்திரை ஏதும் சாப்பிடுதியளா?" சாப்பிடுகிறவர்கள் என்றால் வலது கையை நீட்டுவாள். "அட்டையக் காட்டுங்க." சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். "இவ பெரிய டாக்டரு" என்று வளவுக்கு வெளியே நின்று பேசுவார்கள். அது அவள் காதில் விழும். அதற்கும் அவள் முகத்தில் கோபம் இராது, வெட்கம் இராது. தூக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு அட்டையைக் காட்டினாலும் இலை கிடையாது. ரெண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும் என்று காளீஸ்வரியின் டாக்டர் பிற்பாடு சொல்லியிருந்தார். காளீஸ்வரிக்கே அதன்பின் அவள் ஓர் இலைகூடக் கொடுத்ததில்லை.

போன சனிக்கிழமை நானும் போனேன். எனக்கு இப்போது பிரஷர். ராத்திரியில் தூக்கம் பிடிப்பதில்லை. இலை போட்டுக் குடிக்கலாமா என்று டாக்டரிடம் முன்னமே கேட்டுக்கொண்டேன். கேட்காமல் போனால் அவள் விடமாட்டாள். அவள் கேட்பதற்கு முன்பே அட்டையை முந்தானையில் இருந்து எடுத்து நீட்டினேன்.

"என்னைக்கு வாங்குனிய?"

"திங்கக்கிழமை."

கண்ணால் பார்க்கவில்லை. கோடில்லாத அந்தக் கட்டைவிரலால் ஒவ்வொரு குழியாகத் தடவிக்கொண்டு போனாள். உடைந்த குழி, உடைந்த குழி, உடைந்த குழி. ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஆறு உடைஞ்சிருக்கணும். அஞ்சுதான் உடைஞ்சிருக்கு."

"காலையில பேரன் பள்ளிக்கூடம் போற அவசரத்துல..."

மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். செடிக்கென்று மொண்டு வைத்திருந்த செம்பில் இருந்து ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் விழுங்குகிற வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் வாளிக்குக் குனிந்து ஐந்து இலை கிள்ளினாள்.

பாண்டியம்மாள் இப்போதும் அதே வளவில், கடைசி வீட்டில் இருக்கிறாள். காலை ஏழரைக்குக் கம்பெனிக்குப் போய், சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு திரும்புகிறாள்.